சீரில் வந்த தலையணை

கல்யாணமாகி ஒரே மாதத்தில் எனக்கு இளைப்பு வந்தது. கீழப்பாவூரில் பதினேழு வயதுவரை ஒருநாள்கூட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காராதவள், குற்றாலத்துக்கு வாக்கப்பட்டு வந்த அந்த ஆனியிலேயே கோழிக்குஞ்சு மாதிரி கீச்சுக் கீச்சென்று மூச்சு விட்டேன். ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். சாரல் என்றார் மாமனார். கத்தரிக்காய் என்றார் வைத்தியர். கண்ணேறு என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. தென்காசி ஆஸ்பத்திரி டாக்டர் காரணம் எதுவும் சொல்லாமல் சிவப்பாக ஒரு மருந்தைச் சீசாவில் ஊற்றிக் கொடுத்தார்.

கடைசியில் என் மாமியார் சொன்னதுதான் நிலைத்தது.

"ஏட்டி, ஒனக்கு இந்த ஊருத் தண்ணி ஒத்துக்கிடல."

அதற்கு ஆதாரமும் இருந்தது. ஆடி பிறந்ததும் முறைப்படி அம்மா வந்து என்னை அழைத்துப் போனாள். கீழப்பாவூரில் ஒரு மாதம் ஓடியாடித் திரிந்தேன். இளைப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆவணியில் திரும்பி வந்த மூன்றாம் நாள் மறுபடியும் பிடித்துக்கொண்டது. மார்கழி முழுக்க விடவில்லை. கோடையில் மட்டும் சும்மா இருந்தது. அடுத்த ஆனியில் முதல் சாரல் விழுந்ததும் வட்டியும் முதலுமாக வந்து உட்கார்ந்தது.

அருவித் தண்ணீரில் நனைந்தால் சகல நோயும் போகும் என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து எங்கள் வீட்டு மாடி அறைகளில் தங்கினார்கள். அந்த வீட்டு மருமகளுக்கே அந்தத் தண்ணீர் ஆகவில்லை என்றால் வெளியே சொல்ல முடியுமா? மாமியார் வேறு வழி பார்த்தார். தென்காசிச் சந்தைக்குக் காய்கறி கொண்டுவரும் என் அப்பாவின் வண்டியில் கீழப்பாவூர்க் கிணற்றுத் தண்ணீரை இரண்டு குடத்தில் ஏற்றி, வாயில் துணி கட்டி, வாராவாரம் வரவழைத்தார். வாசலில் வாய்க்கால் சலசலவென்று ஓடும். நான் உள்ளே உட்கார்ந்து, பத்து மைலுக்குமேல் குலுங்கி வந்த கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பேன். குடித்துவிட்டு இளைப்பேன்.

ஒரு மாதம் பார்த்தார்கள். அப்புறம் என் மாமனார் அப்பாவுக்குக் கார்டு எழுதிப் போட்டார். பிள்ளையை வந்து கூட்டிக்கொண்டு போங்கள், நன்றாகக் குணமானதும் அனுப்பினால் போதும் என்று. அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அந்த 'குணமானதும்' என்ற சொல்லை நான் நம்பவில்லை. எங்கள் தெருவில் அப்படிப் போன ஒருத்தியை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. எனக்கோ இந்த வீடு பிடித்திருந்தது. என் வீட்டுக்காரரையும் பிடித்திருந்தது. அன்றைக்கு வாய்விட்டுச் சொல்ல முடியாததை இப்போது சொல்லுகிறேன், அவரை விட்டுப் போக எனக்கு மனசே இல்லை.

கார்டு போன நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் ஒவ்வொரு பொருளையும் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். மோர் குடித்தால் வருகிறதா? கருவாட்டு வாசனைக்கு வருகிறதா? குளிக்கப் போகிறவர்கள் தலையில் வைத்துத் தேய்க்கிற எண்ணெயா? நடுக்கூடத்தில் நின்று மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்ப்பேன். "என்னட்டி, நாய் மாதிரி மோந்துக்கிட்டு அலையுத?" என்று மாமியார் கேட்டார். சாம்பிராணி போடுவதை நிறுத்தினேன். பிச்சிப்பூ வைப்பதை நிறுத்தினேன். ஒன்றுக்கும் அது அசையவில்லை.

அந்த வாரம் மதுரையிலிருந்து வயதான தம்பதி ஒன்று மாடியில் வந்து தங்கியது. வருகிறவர்கள் படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வருவதுதான் வழக்கம். இவர்களுடையது வழியிலேயே சாரலில் ஊறிப்போய்விட்டது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் மணைப்பலகையில் தலை வைத்துப் படுக்கிறவர்கள். தலையணை என்று இருந்தது இரண்டே இரண்டு, அம்மா எனக்குச் சீராகக் கொடுத்தவை. கீழப்பாவூர்க் கொல்லையில் நின்ற இலவமரத்துக் காயைப் பறித்து, பங்குனி முழுக்க உட்கார்ந்து கொட்டை நீக்கி, பஞ்சைத் திணித்து அம்மா தன் கையாலேயே தைத்தது. மூச்சு முட்டும்போதெல்லாம் அதில்தான் முகம் புதைத்துக்கொள்வேன். அம்மா மடியில் படுத்ததுபோல இருக்கும். விருந்தாளிக்கு இல்லை என்று சொல்லக்கூடாதே என்று மனசில்லாமல் இரண்டையும் மாடிக்கு அனுப்பினேன்.

எட்டு நாள் அவர்கள் இருந்தார்கள். எட்டு நாளும் நல்ல சாரல். எட்டு நாளும் எனக்கு இளைப்பு இல்லை. வண்டித் தண்ணீர்தான் கடைசியில் வேலை செய்கிறது என்று மாமியார் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒன்பதாம் நாள் காலையில் கொஞ்சம் வெயில் அடித்தது. அவர்கள் விட்டுப்போன தலையணைகளைப் பின்கட்டில் போட்டு ஒரு குச்சியால் நாலு தட்டுத் தட்டினேன். தையல் விட்ட இடத்தில் பஞ்சு பறந்தது. மூக்கு அரித்தது. அடுக்கடுக்காகத் தும்மல். துணி காயப்போட்டு முடிப்பதற்குள் கீச்சுக் கீச்சு வந்துவிட்டது.

அப்படியே துவைகல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஆடியில் அம்மா வீட்டில் சின்ன வயதிலிருந்து படுத்ததுபோல வெறும் பாயில்தான் படுத்தேன், தலையணையைக் கொண்டு போகவில்லை. கோடையில் மொட்டை மாடியில் பாய்தான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரித்தார்.

"மகாராஜாவெல்லாம் பஞ்சு மெத்தையிலதான் படுக்காவ. அவுகளுக்கு இளைப்பா வந்துட்டு?"

"அவுகளுக்கு வராட்டா எனக்கு வரக்கூடாதா?" என்றேன். இரண்டு நாள் விட்டு, இளைப்பு நன்றாக அடங்கியபின் அவர் கண்முன்னாலேயே தலையணையில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கீச்சுச் சத்தம் கேட்டதும் அவரே அதைப் பிடுங்கி வெளியே எறிந்தார். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை.

மூன்று நாள் கழித்து அம்மா வண்டியில் வந்து இறங்கினாள், என்னைக் கூட்டிப்போக. பெரியவர்களிடம் நாங்கள் இன்னும் சொல்லியிருக்கவில்லை, என் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. காரணத்தைச் சொன்னால், சம்பந்தி வீட்டில் வைத்து அம்மா கொடுத்த சீரையே குற்றம் சொன்னதாகும். சொல்லாவிட்டால் வண்டியில் ஏறவேண்டும். அம்மா காப்பி குடித்து முடிக்கும்வரை அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பிறகு மாமியார் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

"யம்மா, தண்ணி இல்ல. நீ தச்ச தலகாணிதான்."

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. மாமியார் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளா மாடு இழுத்த தண்ணி?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "காப்பிக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அம்மா எழுந்துபோய்ப் பின்கட்டிலிருந்து இரண்டு தலையணையையும் எடுத்துவந்தாள். "மதினி, பிள்ள இங்கனயே இருக்கட்டும். இத நான் கொண்டுபோறேன்" என்றாள்.

வாசலுக்குப் போய் நின்றேன். என் பெட்டி கூடத்திலேயே இருந்தது. சந்தோஷத்தில் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். வெளியே சாரல் பிடித்திருந்தது. அம்மா வண்டியில் ஏறி, தலையணைகள் நனையாமல் மடியில் வைத்து, முந்தானையால் மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு அந்த இருமல் நினைவு வந்தது. வருஷா வருஷம் பங்குனியில் விற்பதற்குப் பஞ்சு எடுக்கக் கொல்லையில் தனியாக உட்கார்ந்தால் அம்மா இருமுவாள், சித்திரை வரைக்கும் நெஞ்சைத் தடவிக்கொண்டே திரிவாள். வெயில் இருமல் என்று நாங்கள் யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை.

சாரலில் இறங்கி வண்டிக்குப் பின்னால் ஓடினேன்.

"யம்மா, அத மடியில வைக்காத! பின்னால தூக்கிப் போடு!"

"நனைஞ்சிரும்லா" என்றாள் அம்மா.

வண்டி வளைவில் திரும்பும்போது அவள் இருமுகிற சத்தம் கேட்டது.