மணலில் பார்த்த பிரேக்

எங்கள் வீட்டு ஜீப் கடலில் இறங்கும். காலையில் கரைக்கு வரும் பைபர் படகுகளைக் கயிறு கட்டி மேலே இழுப்பது அதன் முதல் வேலை. பின்சக்கரம் அலையில் முங்கும் வரை என் மகன் ரிவர்சில் போவான். அப்புறம் அதே ஜீப்பில் மீன் கூடைகளோடு நாங்கள் பெண்கள் ஏறிக்கொண்டு, எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் மார்க்கெட்டுக்குப் போவோம். வழியெல்லாம் கண்டெய்னர் லாரி.

ஒரு நாள் முன்னால் போன லாரி சடாரென்று நின்றுவிட்டது. மகன் பிரேக்கை மிதித்தான். ஜீப் நிற்கவில்லை. மறுபடி மிதித்தான், மறுபடியும். லாரியின் முதுகு என் முகத்துக்கு நேராக வந்த பிறகுதான் நின்றது. கூடை நெத்திலியெல்லாம் என் மடியில்.

“இன்னாடா இது?”

“ரெண்டு தபா மிதிச்சா புடிச்சிக்கும்மா. பிரேக் ஆயில்ல காத்து பூந்துகினு கீது, அவ்ளோதான்.”

வீட்டுக்கு வந்ததும் காற்றை எடுத்தான். நான் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, அவன் கீழே படுத்து, காற்று வெளியேற மறையைத் திருகினான். பிரேக் ஆயில் டப்பா பாதி காலி, ஊற்றி நிரப்பினான். பிறகு கரையில் ஓட்டிக் காட்டினான். மிதித்ததும் நின்றது.

“பாத்தியா? கல்லு மாரி நிக்குது!”

எங்கள் குப்பத்தில் எல்லாரும் பிரேக்கை மணலில்தான் பார்ப்பார்கள். எனக்கும் அன்றைக்கு மனசு ஆறியது.

சில நாளில் டப்பாவில் ஆயில் மறுபடி இறங்கிவிட்டது. பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரம். கடல் தண்ணி என்றான். அலை பெரிதாக இருந்ததால் அந்த வாரம் எந்தப் படகும் போகவில்லை. ஜீப்பும் தண்ணீரில் இறங்கவில்லை. தொட்டேன். வழவழவென்று இருந்தது. சாவியை எடுத்து என் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டேன்.

“எம்மா, சாவியக் குடு. நாளைக்குப் படகு எறங்குது, மீன் கூடையெல்லாம் போவணும்.”

“கூடையெல்லாம் ஆட்டோல போவும். நீ இத்த எடுக்காத.”

“இன்னாமா பேஜாரு பண்ற? மணல்ல நின்னத நீயும்தான பாத்த?”

“மணல்ல நீ மிதிக்காட்டியும் நிக்கும்டா. லாரிக்குப் பின்னால ரோட்டுல மணலா கொட்டி வெச்சிக்கிறாங்க?”

மறுநாள் படகுகளைக் கையால் இழுத்தார்கள். “ஜீப்பு இன்னா, உங்கம்மா மடில தூங்குதா?” என்று அவனைக் கேலி பண்ணினார்கள். என்னிடம் நேரே கேட்க ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை. நானும் கயிற்றைப் பிடித்தேன்.

விம்கோ நகரிலிருந்து மெக்கானிக்கை நானே கூட்டிவந்தேன். பின்சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே உப்பும் மணலும் ஆயிலும் குழைந்து கிடந்தன. ரப்பர் கிழிந்து ஆயில் கசிந்திருந்தது. ஆயில் போகும் இரும்புக் குழாயை நகத்தால் சுரண்டினார். துரு பொலபொலவென்று உதிர்ந்தது.

“ஆயா, இது ஒடைஞ்சிருந்தா எத்தினி தபா மிதிச்சாலும் புடிச்சிருக்காது.”

என் மகன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எல்லாவற்றையும் புதிதாக மாற்றிய பிறகு, முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினான். சாவியைக் கொடுத்தேன். கரைக்குப் போகவில்லை, தார் ரோட்டில் தனியாக ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டி, நிறுத்தினான். பிறகு என் பக்கத்தில் வந்து, “ஏறு” என்றான்.

ஏறினேன். இன்றைக்கும் முன்னால் லாரி நின்றால் என் வலது கால் தானாக ஜீப்பின் தரையை அழுத்துகிறது. அவன் அதைப் பார்க்கிறான்.