நைனா எழுதிய மலை

திருச்சானூரில் மகள் வீட்டுக் கதவுக்கு வர்ணம் அடிக்கிறார்கள். டர்பன்டைன் வாசனையில், புத்தூரில் நைனா, என் அப்பா, நாடகத் திரையில் மலை எழுதியது நினைவுக்கு வந்தது. புத்தூர் ஆந்திராவுக்கா மதராஸுக்கா என்று ஊரே வாதாடிய காலம். கீல்வாதத்தில் விரல்கள் வீங்கி, நைனாவால் தூரிகை பிடிக்க முடியவில்லை.

“நாளைக்கு நாடகமாச்சே. வேற ஆள இட்டாரலாமில்ல?” என்றாள் அம்மா.

“விரலுதான் மடங்கல. முழங்கை நல்லாத்தானே கீது.”

உடம்பு தேய்க்கும் காய்ந்த பீர்க்கங்கூட்டை முன்கையில் கட்டச் சொல்லி, பச்சை வர்ணத்தில் தோய்த்து ஒற்றினார். ஒற்ற ஒற்ற மலையெங்கும் காடு முளைத்தது. தூரிகையால் அவர் அப்படியொரு காட்டை எழுதியதே இல்லை.

மறுநாள் திரையைப் பார்த்த தமிழர்கள் அதை நகரி மலை என்றார்கள். தெலுங்கர்கள் திருமலை என்றார்கள். குரல்கள் உயர்ந்தன. கடைசியில் நைனாவையே கேட்டார்கள்.

“கை வலில எந்த மலைன்னு யாரு பாத்தா? ஆளுக்குப் பாதி வச்சிக்கிங்க” என்றார்.

முதலில் சிரித்தது அம்மாதான். பிறகு கொட்டகையே சிரித்தது.