புடலைக்கு விதை போட்ட கை

ஐப்பசி மாதம் பஸ் ஏறி சோழவந்தான் பக்கம் போனால் எனக்கு வயிறு எரியும். வாய்க்காலில் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் வெற்றிலைக் கொடிக்கால், கண்ணை எங்கே திருப்பினாலும் பச்சை. என் சின்னம்மா மகளை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தது. செருப்பை வரப்பில் கழற்றிப் போட்டுவிட்டு என்னைக் கொடிக்காலுக்குள் கூட்டிப்போய் ஒவ்வொரு கொடியாகக் காட்டுவாள். நானும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டே பின்னால் போவேன். எங்கள் எழுமலைப் பக்கம் மழையை நம்பிய மண். கிணற்றில் கரண்டு மோட்டார் வைத்த பிறகுதான் தோட்டம் என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் இடம் நனைந்தது. ஊருக்குத் திரும்பி வந்தால் ரெண்டு நாளைக்கு அந்தக் கிணற்றை எட்டிப் பார்க்கவே பிடிக்காது.

ஆனால் அது தூரத்துப் பொறாமை. பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டால் பாதி போய்விடும். வீட்டுக்குள் இருந்த பொறாமைதான் போகாது. அது என் கொழுந்தன் பொண்டாட்டி மேலே. எனக்குப் பின்னால் அந்த வீட்டுக்கு வந்தவள். நல்ல நிறம், நல்ல முடி. அதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன். அவளுக்குக் கைராசி என்று ஊரே சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் ஆடியில் பூசணி, பாகல், புடலை எது ஊன்றினாலும் முதல் விதையைக் கைராசிக்காரிதான் போட வேண்டும். வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடுவார்கள். விடிந்ததும் விடியாததுமாக ஆள் வந்து நிற்கும். நான் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருப்பேன். என் முகத்தைப் பார்த்து, "ஒன் தங்கச்சி எந்திரிச்சிட்டாளா?" என்று கேட்டுவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போவார்கள். ஒரே ஒருவர், ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிட மாட்டார்களா என்று இருக்கும். எனக்கும் கை இருக்கிறதே.

ஒரு வருசம் எங்கள் தோட்டத்திலேயே ரெண்டு பந்தல் புடலை போடலாம் என்றார் என் வீட்டுக்காரர். விதை ஊன்ற அவளைத்தான் வரச்சொன்னார். என் தோட்டம், என் அடுப்படியில் காய வைத்த விதை. எனக்கு வந்தது பாருங்கள் கோபம்.

"ஒரு பந்தலுக்கு அது போடட்டும். இன்னொண்ணுக்கு நான் போடுறேன்" என்றேன்.

"காய்க்கலேன்னா?"

"காய்க்கலேன்னா பந்தலப் பிரிச்சு அடுப்பெரிச்சுக்கங்க."

"அம்புட்டு வீம்பா ஒனக்கு" என்று சிரித்துக்கொண்டே மம்பட்டியைத் தூக்கினார்.

அதற்குப் பிறகு நான் பெற்ற பிள்ளைகளைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. புடலைப் பிஞ்சு சுருண்டுகொள்ளாமல் நேராக இறங்க நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். கல் கனத்தால் பிஞ்சு அறுந்துவிடும். ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கட்டினேன்.

ஒருநாள் என் பந்தலைப் பார்க்க அவள் வந்தாள். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிப்போகும் என்பார்கள். நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீட்டினால் ஊர் முழுக்கச் சொல்லலாமே. அவளோ விரலை மடக்கிக்கொண்டு முட்டியால் காட்டி, "இந்தா, இது எம்புட்டு நீளம் பாருக்கா" என்றாள். அதிலேயும் எனக்கு ஏமாற்றம்தான்.

ஐப்பசி மழை வெளுத்து வாங்கியது. அவள் போட்ட பந்தல் இருந்தது பள்ளத்தில். தண்ணீர் நின்று கொடி பிந்திவிட்டது. வெளியே ஐயோ பாவம் என்றேன். உள்ளே எனக்குப் பொங்கல் வைத்த மாதிரி இருந்தது. அந்த வாரச் சந்தைக்கு அறுத்தது முழுக்க என் பந்தல் காய்.

எழுமலைச் சந்தை அன்றைக்குச் சேறும் சகதியுமாகக் கிடந்தது. கருவாட்டுக் கடைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் காய்க்காரிக்கு வியாபாரம் படுக்கும். நாங்கள் முந்திப்போய் வெங்காயக்காரர் பக்கத்தில் சாக்கை விரித்தோம், நானும் அவளும். வாராவாரம் வருகிற உசிலம்பட்டிப் பக்கத்துக் கிழவி வந்தாள். பெரிய தோட்டக்காரி, காதில் தண்டட்டி ஆட நடப்பாள். ஒரு காயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னை விட்டுவிட்டு என் கொழுந்தன் பொண்டாட்டியைப் பார்த்துச் சொன்னாள்:

"ஒன் கை பட்டதுல்ல தாயி. அதான் இந்த வாளிப்பு."

"இது நான் போட்ட வெத" என்றேன்.

"சரித்தா, ஆரு போட்டா என்ன" என்று பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வெங்காயக்காரரும் சிரித்தார். எனக்கு அந்தக் காய்களை அள்ளிச் சேற்றில் போடலாம் போல இருந்தது.

அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவள் வாயைத் திறந்தாள். "இல்ல பெரியம்மா, நெசமாவே அக்கா போட்டதுதான். நான் போட்டதுல இன்னும் ஒரு பிஞ்சு எறங்கல."

கிழவி காயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். "அப்பிடின்னா வார ஆடிக்கு எங்க தோட்டத்துக்கு வந்து ஒரு வெத போட்டுத் தாரியாத்தா?" என்று கேட்டாள். இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து, அங்கேயே வெற்றிலை பாக்கும் எடுத்து நீட்டினாள். சந்தை முழுக்கப் பார்க்க நான் ரெண்டு கையாலும் வாங்கினேன்.

வாங்கின கையோடு சட்டென்று திரும்பி இவள் முகத்தைப் பார்த்தேன். எத்தனை வருசம் என் முகம் கிடந்த மாதிரி இவள் முகமும் ஒரு நிமிசம் கிடக்க வேண்டாமா? இவள் கிழவிக்குக் காயை எடுத்துக் கட்டிக்கொண்டே, என்னைவிடச் சந்தோசமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வாக்கா. மாட்ட நான் பாத்துக்கிறேன்."

வீடு வரைக்கும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன். கூடையைத் தலை மாற்றும்போது பார்த்தேன், ஓடை தாண்டும்போது பார்த்தேன். ஒன்றும் இல்லை. மழைக்கு முளைத்த கீரையைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு, ஏதோ பாட்டு முனகிக்கொண்டு வந்தாள். அப்படி ஒரு மனசை எங்கேதான் வாங்கினாளோ. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.