லைன் கிடைக்காத மத்தியானம்

எங்கள் கல்லூரி ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மதுரை ரோட்டை ஒட்டி இருந்தது. 'ஒட்டி' என்று விளம்பரத்தில்தான் போடுவார்கள். கேட்டில் இறங்கி ஒரு பர்லாங் வெயிலில் நடந்தால்தான் கட்டடம் வரும். ஜெயபாய் அங்கே கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பு. நான் காமர்ஸ் சொல்லிக்கொடுத்தேன். அவள் மம்சாபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள், என்னை அக்கா என்பாள். அவள் வீட்டுக்காரர் தேவஇரக்கம், ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். பிள்ளை கிடையாது. மாமியார் தங்கபாய் கூடவே இருந்தார்.

தொண்ணூற்றெட்டில் கல்லூரிக்கு இன்டர்நெட் வந்தது. வந்தது என்றால், ஆபீசில் இருந்த ஒரே டெலிபோன் லைனிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, பிளைவுட் தட்டிக்கு அந்தப் பக்கம் லேபில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் சொருகினார்கள். மோடத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் தேங்காய் உடைத்தாயிற்று. இன்டர்நெட் ஓடும்போது யாராவது ஆபீஸ் போனை எடுத்தால் தொடர்பு அறுந்துவிடும். அதனால் கிளார்க் கருத்தையா போன் மேல் தன் துண்டைப் போட்டு மூடி வைத்தார்.

மாணவர்களுக்கு ஈமெயிலை அறிமுகப்படுத்த பிரின்சிபால் ஒரு நாள் குறித்தார். ஜெயபாய் இரண்டு முகவரிகள் ஏற்பாடு செய்திருந்தாள். ஒன்றிலிருந்து மற்றதற்கு அனுப்பிக் காட்டலாம் என்பது அவள் எண்ணம். பிரின்சிபால் உடனே, "ஒண்ணு பசங்களுக்கு, ஒண்ணு பொண்ணுகளுக்கு" என்றார். அதோடு விட்டாரா? பையன்கள் பெண்கள் முகவரிக்கு எழுதக்கூடாது, பெண்களும் அப்படியே என்று ஒரு சட்டம் வேறு. பஸ்ஸில் தனித்தனியாக உட்கார வைக்கிற மாதிரி ஈமெயிலிலும் உட்கார வைத்த மகானுபாவர் அவர்.

பிள்ளைகளுக்குத் தெரிந்தவர்கள் யாருக்கும் முகவரி கிடையாது. ஆகவே பையன்கள் எல்லோரும் பையன்கள் முகவரியிலிருந்து அதே முகவரிக்கு எழுதினார்கள். பெண்களும் அதையே செய்தார்கள். ஒவ்வொருத்தராக வந்து, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடி, நலம் நலமறிய ஆவல் என்பதை இங்கிலீஷில் அடித்து, அது அமெரிக்கா வரை போய்விட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும்வரை காத்திருந்து கைதட்டினார்கள். ஜெயபாய் அலுக்காமல் பக்கத்தில் நின்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். காலையில் பிடித்த லைனைச் சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் விட்டார்கள்.

கருத்தையா துண்டை எடுத்ததும் போன் அடித்தது. தேவஇரக்கத்தின் தம்பி எலியேசர், மதுரை போகிற வழியில் கல்லுப்பட்டியில் ஒரு டெலிபோன் பூத்திலிருந்து பேசினான். காலையில் மில்லில் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. ராஜபாளையம் ஆஸ்பத்திரியில், மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் தங்கபாய் ராஜபாளையத்தில் சின்ன மகன் வீட்டில் இருந்ததால் அவரும் மதுரைக்குப் பிடித்த வேனில் ஏறினார். எலியேசர் கல்லூரிக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறான், எங்கேஜ்டு. வேன் எங்கள் கேட்டைத் தாண்டித்தான் போயிருக்கிறது. உள்ளே வந்து அவளை ஏற்றிக்கொண்டு போக நேரமில்லை என்று டிரைவர் நிறுத்தவில்லை. கல்லுப்பட்டி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

ஜெயபாய் அழவில்லை. அடக்கம் முடிந்து கூட்டம் கலைவதற்குள்ளேயே தங்கபாய் அவளைக் கேட்டார்.

"ஏட்டி, அம்புட்டு நேரம் யாருகிட்ட பேசுன?"

"பேசல அத்தை. இன்டர்நெட் போட்டிருந்தோம்."

"பேசாம எப்படி லைன் எங்கேஜ்டா இருக்கும்?"

அதைக் கேட்ட நாலு பேர் போதாதா? மம்சாபுரம் முழுக்கப் பரவிவிட்டது. புருஷன் சாகக் கிடக்கும்போது எவனோடோ போனில் கொஞ்சிக்கொண்டிருந்தாள் என்று ஆக்கிவிட்டார்கள். சர்ச்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு எதுவும் எரிந்த மாதிரி தெரியவில்லை. துக்கம் கழிந்து வேலைக்கு வந்தாள், அதே குரலில் பாடம் எடுத்தாள், டிபன் பாக்ஸைத் திறந்து பாதி சாப்பிட்டு மூடினாள்.

"அழுதுட்டா பாரம் குறையும்னு எல்லாரும் சொல்லுதாவ அக்கா. வரல" என்று ஒருநாள் சொன்னாள், மழை வரவில்லை என்று சொல்வது போல.

ஒரு வழக்கம் மட்டும் புதிதாக வந்தது. வகுப்பு நடுவில் கனெக்‌ஷனைத் துண்டித்துவிட்டு ஆபீசுக்கு வருவாள். துண்டை விலக்கிப் போனைப் பார்த்துக்கொண்டு செத்த நேரம் நிற்பாள். அடிக்காது. மூடிவிட்டுப் போய் மறுபடி டயல் செய்வாள். மறுபடி லைன் கிடைப்பதற்குள் வகுப்பு முடிந்துவிடும் என்று பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். பிரின்சிபால் கண்டித்தார். சரி சார் என்று கேட்டுக்கொண்டாள், அடுத்த வகுப்பிலும் அதையே செய்தாள்.

வீட்டில் தங்கபாய் சண்டை போடவில்லை. சோறு போட்டு எதிரில் வைத்துவிட்டு அந்த ஒரு கேள்வியைக் கேட்பார். தினமும் அதே கேள்வி. ஊர் என்ன சொன்னாலும் போகிறது, அத்தை மட்டும் நம்பினால் போதும் என்று ஜெயபாய் இருந்தாள். கல்லூரி முழுக்க இன்டர்நெட் சொல்லிக்கொடுத்தவளால் அவர் ஒருத்தருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

"அக்கா, ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சதும் காலேஜுக்கு வாங்க. நீங்க லேப்ல கனெக்ட் பண்ணணும். நான் அத்தைகூட ஆபீஸ்ல நிக்கணும்" என்றாள்.

போனேன். அவள் கற்றுக்கொடுத்தபடியே டயல் செய்தேன். மோடம் கீச்சிட்டு இரையத் தொடங்கியது. தட்டிக்கு அந்தப் பக்கம் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"எடுத்துக் காதுல வைங்க அத்தை."

ரிசீவரை எடுக்கும் சத்தம் கேட்டது.

"என்னட்டி, இப்படி இரையுது?"

"அன்னைக்குக் காலையில இருந்து லைன்ல இதுதான் அத்தை."

"மனுசக் குரலே இல்லையே."

"இல்ல. நான் யாருகிட்டயும் பேசல."

நம்பிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அப்பாடா என்று இருந்தது. அப்போதுதான் தங்கபாய் அழ ஆரம்பித்தார்.

"வேன்ல எங் கையப் பிடிச்சுக்கிட்டு, ஜெயா வாராளான்னு கேட்டாம்மா. அவ யாருகிட்டயோ பேசிக்கிட்டே இருக்கா, லைன் கெடைக்கலன்னு சொல்லிட்டேன். அதுக்குப் பொறவு அவன் வாயே தொறக்கல."

நான் சுற்றிக்கொண்டு ஆபீசுக்குள் போனேன். ஜெயபாய் மாமியார் கையிலிருந்த ரிசீவரை வாங்கி வைத்தாள். கருத்தையாவின் துண்டை நாலாக மடித்துப் போன் மேல் போட்டாள்.

"வாங்க அத்தை, பஸ் போயிரும்" என்றாள்.