துணிக்கு மேல் தடவிய மருந்து

என் மூத்த மகளின் வலது பாதம் பாதிதான் இருக்கிறது. விரல்களும் முன்பாதமும் அவளுடைய ஏழாவது வயதில் போய்விட்டன. எப்படிப் போனது என்று கேட்டவர்களுக்கெல்லாம், "நெல்லுச் சூடு மிதிக்கிற களத்தில் கொக்கி ஏறினது" என்று சொல்லி வந்திருக்கிறோம். கொக்கி ஏறியது உண்மை. ஆனால் அந்தக் காயம் ஆறக்கூடிய காயம். அதற்குப் பிறகு நடந்ததை வீட்டுக்கு வெளியே நான் யாருக்கும் சொன்னதில்லை.

ஐம்பதுகளின் கடைசி. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக் குடியேற்றத்துக்கு வந்து சில போகங்கள் விதைத்து வெட்டியிருந்தோம். நான் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.சி. வரை படித்தவன். அரசாங்கக் கந்தோரில் எழுத்து உத்தியோகம் கிடைக்கும்வரை என்று எடுத்த காணியோடு நின்றுவிட்டேன். அந்த ஏமாற்றத்தை ஒரு வகைத் தலைக்கனத்தால் மூடி வைத்திருந்தேன். அயலவர்கள் கடைப்பிடித்த முறைகளைக் கேலி செய்வது அந்தத் தலைக்கனத்தின் ஒரு பகுதி.

நெல் மிதிக்கும் களத்துக்கு அங்கே கடுமையான முறைகள் உண்டு. செருப்போடு ஏறக்கூடாது. பெண்கள் ஏறக்கூடாது. "குறைவு", "தீர்ந்தது" என்று யாரும் வாய் திறக்கக்கூடாது. அழுகுரல் கேட்கக்கூடாது. கேட்டால் பூதம் நெற்பொலியைக் கொண்டுபோய்விடும் என்பார்கள். அந்த வருடம் வெட்டி அடுக்கியிருந்த என் நெற்சூட்டை மிதிக்கத் துணுக்காய்ப் பக்கத்திலிருந்து எருமைக் கடாக்களோடு ஒருவர் வந்திருந்தார். கட்டையான, வாயாடியான மனிதர். நான் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு களத்து விளிம்புக்கு வந்தபோது அவர் கடாக்களை நிறுத்தினார்.

"தம்பி, பொம்பிளைப் பிள்ளையை எங்க கொண்டு வாறீர்?"

"நெல்லுக் குவியலைக் காட்டத்தான். ஏழு வயசுப் பிள்ளை, அண்ணை."

"ஏழெண்டால் என்ன, எழுவதெண்டால் என்ன? உம்மட இங்கிலீசு எங்கட கடாவுக்கு விளங்காது."

மிதித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ரோசம் வந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு ஏறுவது என்று முடிவு செய்தேன். ஆனால் ஏறும்போது, ஏனென்று எனக்கே தெரியாமல், "செருப்பைக் கழட்டு" என்று அவளுக்குச் சொன்னேன். பொங்கலுக்கு வாங்கிக் கொடுத்த சிவப்புச் செருப்பு. அவள் அதைக் கழற்றி விளிம்பில் ஒழுங்காக வைத்தாள். எனக்கு அந்த முறைகளில் பாதி நம்பிக்கை இருந்திருக்கிறது. முழுதாக நம்பியிருந்தால் அவளை ஏற்றியிருக்க மாட்டேன். துளியும் நம்பாதிருந்தால் செருப்பைக் கழற்றச் சொல்லியிருக்க மாட்டேன். இரண்டில் எது நடந்திருந்தாலும் அவள் கால் தப்பியிருக்கும்.

வைக்கோல் கிளறுகிற தடியின் முனையில் இரும்புக் கொக்கி ஒன்று பூட்டியிருக்கும். ஒரு தடி வைக்கோலுக்குள் மறைந்து கிடந்தது. அவள் குவியலைப் பார்த்து ஓடினாள். கொக்கி உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, ஏறியது.

அவள் வாயைத் திறந்ததும் நான் கையால் பொத்தினேன். "அழாதை. களத்தில அழக்கூடாது." அந்த முறையையும் அப்போது நான் நம்பினேன். அவள் அழவில்லை. என் உள்ளங்கை நனைந்தது. கடாக்காரர் வந்து கொக்கியை இழுத்து, அடுப்புச் சாம்பலை அள்ளிக் காயத்தில் வைத்து அமத்தினார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "பிள்ளையை வீட்டை கொண்டுபோம்" என்றதோடு சரி.

வீட்டில் என் மனைவி சாம்பலைக் கழுவி, பழைய சேலையைக் கிழித்துக் கட்டினாள். கைக்குழந்தைக்கு அப்போது காய்ச்சல்; அவளால் வீட்டை விட்டு அசைய முடியாது.

"இஞ்சேருங்கோ, விடிஞ்சதும் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. எருமை மிதிச்ச இடம். ஏற்பு வந்து தாடை பூட்டிப்போகும். ஏற்பு ஊசி போடாட்டில் பிள்ளை தப்பாது."

"ஓம், ஓம்."

"ஊசி போட்டிட்டுத்தான் வரவேணும்."

"நான் என்ன, படிக்காதவனே?"

மறுநாள் காலை மகளைச் சைக்கிள் பாரில் துவாய் மடித்து இருத்திக்கொண்டு பட்டணத்துக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் சனம் நிறைந்திருந்தது. உட்கார வாங்கில் இடமில்லை. அவளை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் இருந்தேன். எங்கள் முறை வருமுன் மத்தியானமாகி, பின்னேரம்தான் இனிப் பார்ப்பார்கள் என்று தெரியவந்தது. உள்ளே ஒரு பிள்ளை ஊசிக்குக் கத்தியது எங்களுக்குக் கேட்டிருந்தது. மகள் என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அந்த நேரம்தான் ஒலிபெருக்கிப் பாட்டுக் காற்றில் வந்தது. அறுவடைக்குப் பின் பட்டணத்தில் ஒரு கார்னிவல் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் அதைப் பற்றித்தான் கதைத்தார்களாம். பல நாளாக என்னை நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அது அங்கையோ?"

"ஓம்."

"சும்மா வெளியில நிண்டு பாப்பமே?"

பின்னேரம்வரை இங்கே இருந்து என்ன செய்வது, ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். என் கையால் வாயைப் பொத்தியதிலிருந்து அவள் முகத்தை நேரே பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் சிரித்தால் அது தீர்ந்துவிடும் என்று பட்டது. இன்னொன்றும் உண்டு. மோட்டார் சைக்கிளில் மரக்கிணற்றுச் சுவரைச் சுற்றி ஓடுகிறவனைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது.

நாங்கள் போனோம். அவளைத் தோளில் வைத்துக்கொண்டு மரக்கிணற்றைப் பார்த்தேன். பலகைகள் அதிர்ந்தன. அவள் என் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பஞ்சுபோன்ற தும்பு முட்டாசு வாங்கிக் கொடுத்தேன். பிறகு மரக்குதிரை ராட்டினத்தின் முன்னால் வந்து நின்றோம். ஒரு வெள்ளைக் குதிரை அவளுக்குப் பிடித்துவிட்டது.

ராட்டினம் சுற்றுகிறவன் அவள் காலைப் பார்த்தான்.

"காயக்காரப் பிள்ளையை ஏத்தேலாது ஐயா. விழுந்தால் என்னைத்தான் கேப்பினம்."

"சின்னக் காயம்தான்."

"சின்னக் காயத்துக்கு இவ்வளவு பெரிய கட்டோ? இது ராட்டினம், ஆசுப்பத்திரி வண்டில் இல்லை."

மகளின் உதடு பிதுங்கியது. அவளைக் கூடாரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் இருத்தினேன். சேலைத்துணிக் கட்டை அவிழ்த்து என் சேட்டுப் பைக்குள் வைத்தேன். களத்து விளிம்பிலிருந்து எடுத்துச் சைக்கிள் பைக்குள் போட்டிருந்த சிவப்புச் செருப்பை மாட்டினேன். காயத்தில் துணி ஒட்டியிருந்த இடத்திலிருந்து இரத்தம் கசிந்தது. "நோகுதோ?" என்றேன். "இல்லை" என்றாள். களத்தில் எப்படி இருந்தாளோ அப்படியே இருந்தாள்.

வேறொரு வாசலால் போய், அவன் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில் அவளை வெள்ளைக் குதிரையில் ஏற்றினேன். இரும்பு வளையத்துக்குள் காலை விட்டுக்கொண்டு போனாள். என்னைக் கடக்கும்போதெல்லாம் கையைக் காட்டினாள். பிறகும் ஏற வேண்டும் என்றாள். பிறகும் ஏற்றினேன். மாட்டுச் சாணமும் புழுதியுமாகக் கிடந்த நிலம் அது. கார்னிவல் வருவதற்கு முன் அங்கே மாடுகள் கட்டுவார்கள். இறங்கி நொண்டி நொண்டி ஓடினபோது காயக் காலின் செருப்பு கழன்றது. அவள் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அவள் சந்தோசமாக இருக்கிறாள் என்று கூப்பிடாமல் விட்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது கதவு சாத்தியிருந்தது. வாசலில் நின்ற காவற்காரர், காயமென்றால் பக்கத்து வாசலால் போய்ச் சொல்லுங்கள், பார்ப்பார்கள் என்றார். பக்கத்து வாசல் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. மகள் "ஊசி வேண்டாம் அப்பா" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாளைக்குக் கொண்டு வரலாம் என்று நினைத்தேன். ஏன் பிந்தியது, காலில் ஏன் புழுதி என்று உள்ளே கேட்பார்களே என்றும் நினைத்தேன். அந்த இரண்டாவது நினைப்புத்தான் என்னைத் திருப்பிக் கொண்டுபோனது.

வீட்டுக்குப் பழைய சேலைக் கட்டோடு போக முடியாது. மருந்துக் கடையொன்றில் வெள்ளைக் கட்டுத்துணியும் ஒரு சின்னப் போத்தல் சிவப்பு மருந்தும் வாங்கினேன். மதகொன்றில் அவளை இருத்திப் புழுதியைத் துடைத்தேன். மருந்தைக் காயத்தில் விடப் போனேன். எரியும் என்று அழத் தொடங்கினாள். எனக்கு அன்றைக்கு அவள் அழுகையைத் தாங்க முடியவில்லை. துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, வெளியே தெரியும்படி துணிக்கு மேல் மருந்தைத் தடவினேன்.

"அம்மா கேட்டால்?" என்றாள்.

பல வருடமாக, பொய் சொல்லும் யோசனையை அவள்தான் முதலில் சொன்னாள் என்று எனக்கு நானே சொல்லி வந்தேன். அப்படி இல்லை. "ஊசி போட்டதெண்டு சொல்லு. கையில போட்டதெண்டு சொல்லு" என்றவன் நான்.

மனைவி கட்டைப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது. "ஆசுப்பத்திரிக் கட்டு, கட்டுத்தான். ஒருத்தரும் அவிழ்க்கக்கூடாது. ஊசி நொந்ததோ குஞ்சு?"

"ஓம் அம்மா. நல்லா நொந்தது."

மறுநாள் நல்ல காற்று. மிதித்த நெல்லைத் தூற்ற வேண்டும். காற்றை விட்டால் எப்போது வருமோ தெரியாது. அதற்கு அடுத்த நாளும் காற்று. மகள் காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். காய்ச்சல் வந்தது. "ஊசி போட்ட காய்ச்சல், இறங்கும்" என்று மனைவி கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். கால் வீங்கியது. "உள்ளுக்கு மருந்து வேலை செய்யுது" என்றாள். அவள் முட்டாள் இல்லை. ஊசி போட்டாயிற்று என்று நம்பிய ஒரு தாய் நினைக்கக்கூடியதைத்தான் நினைத்தாள். நான் களத்திலிருந்து வந்து, கட்டைப் பார்த்து, துணி இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது என்று என்னைத் தேற்றிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் போனேன்.

கட்டிலிருந்து அழுகல் மணம் வரத் தொடங்கியபோதுதான் வண்டில் பிடித்தோம். குழந்தையை அயல் வீட்டில் விட்டுவிட்டு மனைவியும் வந்தாள்.

வைத்தியர் இளைஞர். கட்டை வெட்டித் திறந்தார். பக்கத்தில் நின்ற தாதி முகத்தைத் திருப்பவில்லை; ஆனால் மூச்சைப் பிடித்தது தெரிந்தது.

"இதை ஆர் கட்டினது?"

"இங்கதான் ஐயா கட்டினது," என்றாள் மனைவி. "ஊசியும் போட்டது."

"இது எங்கட கட்டில்லை, அம்மா. இவ்வளவு ஊத்தையை உள்ளுக்கு வைச்சு நாங்கள் கட்டிறேல்லை."

"இல்லை ஐயா, இங்கதான். பிள்ளையைக் கேளுங்கோ."

வைத்தியர் குனிந்து, "பிள்ளைக்கு ஊசி போட்டதோ?" என்றார்.

மகள் காய்ச்சலில் எரிந்துகொண்டிருந்தாள். "ஓம்" என்றாள். எந்தக் கையில் என்று கேட்டார். இடக்கையைத் தூக்கி, சரியான இடத்தைத் தொட்டுக் காட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சொன்னதை ஒழுங்காகச் செய்துவிட்டேனா என்று கேட்கிற பார்வை.

"போடேல்லை," என்றேன். "நான் கொண்டுவரேல்லை. கார்னிவலுக்குக் கொண்டுபோனனான்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வைத்தியர் தாதியிடம் மருந்துகளின் பெயர்களைச் சொன்னார். பிறகு, யாழ்ப்பாணத்துக்கு உடனே கொண்டுபோக வேண்டும், உயிரைப் பார்க்கலாம், காலைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

ஏற்பு வரவில்லை. அவள் பிழைத்தாள். விரல்களை எடுத்தார்கள், அது போதாமல் இன்னும் கொஞ்சம் எடுத்தார்கள். வாட்டுக்கு வெளியே நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கத்தவில்லை. அழக்கூடாத இடம் எது, அழலாம் என்ற இடம் எது என்று அவளுக்கு யாரும் பிரித்துச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த வருட நெல் நன்றாக விளைந்திருந்தது. கடாக்காரர் அடுத்த போகத்துக்கும் வந்தார். மகள் தடியூன்றிக்கொண்டு களத்து விளிம்புக்கு வருவதைக் கண்டு கடாக்களை நிறுத்தினார். அவள் விளிம்பிலேயே நின்றுவிட்டுத் திரும்பினாள்.

மனைவி அந்த நாளைப் பற்றி என்னோடு ஒருநாளும் கதைக்கவில்லை. ஒரு தடவை மட்டும், மகளுக்குப் பேசி வந்த இடத்தார் காலைப் பற்றிக் கேட்டபோது, "களத்தில கொக்கி ஏறினது" என்று சொல்லிவிட்டு, அவர்கள் போன பிறகு குசினி வாசலில் நின்று, "எனக்கும் பழகிப்போச்சு" என்றாள். அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. பிறகு வந்தவையும் சரிவரவில்லை. பின்னாளில் சண்டை முற்றி ஊரே மூட்டை முடிச்சோடு நடக்க வேண்டி வந்தபோது மகள் அந்தக் காலோடுதான் நடந்தாள். வேகமாக நடக்கச் சொல்லிச் சனம் நெருக்கியது. நான் அவளுக்குப் பின்னால் நடந்தேன். அவள் சுவடு ஒன்று முழுதாகவும் ஒன்று பாதியாகவும் மணலில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

மனைவி போய்விட்டாள். இப்போது என்னால் குனிய முடியாது. என் கால் நகங்களை மகள்தான் வெட்டுகிறாள். போன மாதம் அவள் நிலத்தில் இருந்து என் பாதத்தை மடியில் வைத்திருந்தபோது, இவ்வளவு காலமும் கேட்காததைக் கேட்டேன்.

"பிள்ளை, அந்தக் கார்னிவல் ஞாபகமிருக்கோ?"

"ஓம். வெள்ளைக் குதிரை. ஒரு காது உடைஞ்சிருந்தது."

"வேறை?"

வெட்டுகிறதை அவள் நிறுத்தவில்லை.

"மதகில இருந்து நீங்கள் சொல்லித் தந்தது. கையில போட்டதெண்டு சொல்லச் சொன்னது. எல்லாம் ஞாபகமிருக்கு."

நான் ஏதோ சொல்ல வாய் எடுத்தேன்.

"காலை ஆட்டாதேங்கோ அப்பா," என்றாள். "வெட்டிப்போடுவன்."