யாரும் அனுப்பாத அலை

ஓசூர் ரேடியோ கம்பெனியில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான் கரியப்பன். சொந்தமாக ஒரு ரேடியோ செய்து பாட வைத்தால் ரேடியோக்களைச் சோதிக்கும் டெஸ்டிங்கில் சேர்ப்பதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அதற்குப் பெங்களூரில் கிடைத்த ரேடியோ செய்முறைப் புத்தகமோ கன்னடம். அவனுக்குப் பேச வரும், படிக்க வராது. கர்நாடகத்து ஆனேக்கல்லில் பள்ளிக்கூடம் போன மனைவி வெங்கடம்மா வாசித்துச் சொல்லச் சொல்ல, அவன் கம்பியைக் காயிலாகச் சுற்றினான். எல்லாம் மாட்டியும், அலைகளைக் கலக்க வேண்டிய மிக்ஸர் ஊமையாகவே இருந்தது.

“ஏம்மே, வரி எதையாவது முழுங்கிட்டியா?”

“புள்ள அழுதா நான் என்ன பண்ணட்டும்? இந்தா கேளுய்யா, ரெண்டாவது சுத்து எதிர்ப்பக்கமா இருக்கணுமாம்.”

கம்பி முனைகளை மாற்றினான். வானத்திலிருந்து வந்த அலையும் பெட்டிக்குள் பிறந்த அலையும் கலந்து, யாருமே அனுப்பாத மூன்றாவது அலை ஒன்று உண்டாயிற்று. அதிலிருந்து நாதஸ்வரம் கிளம்பியது. வெங்கடம்மா புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாளே டெஸ்டிங்கில் இடம் கிடைத்தது. அங்கே எத்தனை ரேடியோ கைக்கு வந்தாலும், சுவிட்சைப் போடுமுன் கரியப்பன் செருப்பைக் கழற்றிவிடுவான்.