முதல் புக்கிங் பிள்ளையாருக்கு

சாவித்ரி மேடம் எதையும் லேசில் நம்ப மாட்டார். தாம்பரத்தில் குக்கர் வாங்கப் போனவர், கடைக்காரரைத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைக்கச் சொல்லி, விசில் வந்த பிறகுதான் பர்ஸைத் திறந்தார். கூடப் போன எனக்கு மானம் போயிற்று.

அஸ்தினாபுரத்தில் ஒரு கேஸ் ஏஜென்சியில் அவர் புக்கிங் எடுத்தார். நான் கேஷ் கவுண்டர். தொண்ணூற்று மூன்றில் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்கு புரோகிராம் எழுதிய சம்பத், ஒரு சின்னக் கம்பெனியில் தற்காலிக வேலையில் இருந்தார். சாவித்ரி மேடம் ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டால் அவருக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இது தெரிந்தும் மேடம் இரங்கவில்லை.

சோதனைக்கு ஏதாவது ஒரு பெயரைப் போடச் சொன்னார் சம்பத். புதுக் காரியத்தைச் சாமி பெயரில்தானே தொடங்க வேண்டும்? மேடம் முதல் புக்கிங்கை விநாயகர் பெயரில், பிள்ளையார் கோயில் தெரு முகவரியில் பதிந்தார். எல்லாம் ஒழுங்காக வந்தது. டெலிவரி சீட்டும் அச்சாகி வந்தது. கையெழுத்து மட்டும் வரவில்லை.

“ஸ்கிரீன்ல வந்தா ஆச்சா சம்பத்? சிலிண்டர் வாசல்ல இறங்கணும்” என்றார்.

சம்பத் முகம் தொங்கிப்போய், அந்தச் சீட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் டெலிவரி போடும் குப்புராஜ், மற்ற சீட்டுகளோடு அதையும் வாரிக்கொண்டு கிளம்பிவிட்டார். மத்தியானம் வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார்.

“இன்னாக்கா இது? விநாயகர் வூடு எதுன்னு தெரு பூரா கேட்டுகினு போனேன். கோயிலாண்ட கொண்டாந்து வுட்டாங்க. எறக்கி வெச்சா, குருக்கள் சிரிச்சிகினு கீறாரு.”

மறுபடியும் கையெழுத்துக் கேட்டு வந்திருந்த சம்பத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. சோதனைக்குப் போட்டது நிஜ வண்டியில் ஏறிவிட்டதே, இனி வேலை போன மாதிரிதான் என்று நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

மேடம் குப்புராஜிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “வாசல்லதானே இறக்கினீங்க?”

“ஆமாக்கா.”

“நான் கேட்டது இதுதான்” என்று பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

வேலை நிரந்தரமான அன்று சம்பத் அதே பிள்ளையாருக்குத் தேங்காய் வாங்கினார். மேடமும் கூடப் போனார். தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உடைக்க விட்டார்.